நாம் குடிக்கிற ஆற்றின் மேல் ஒரு பாலம்

பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது கடல் பாலத்தைத்தான். முதல் பாலம் 1985-இல் வந்தது, 13.5 கிலோமீட்டர். இரண்டாவது 2014-இல் வந்தது, 24 கிலோமீட்டர். இரண்டுமே பெரிய வேலை, எனக்கும் பெருமைதான். ஆனால் இரண்டிலும் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கி நடக்கவும் கூடாது. ஏறினால் மறுகரையில்தான் கால் வைக்கலாம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே தண்ணீர் போவதைப் பார்த்தபடி பக்கத்திலிருப்பவரிடம் நாலு வார்த்தை பேச அங்கே வழியில்லை.

அப்படி நின்று பார்க்க ஒரு பாலம் வேண்டுமானால் தீவை விட்டு எங்கள் பக்கம் வர வேண்டும். பெருநிலத்தில், செபராங் பிறையின் வடகோடியில், கெப்பாலா பத்தாசைத் தாண்டினால் பூம்போங் லீமா என்ற சிற்றூர். அதற்கப்பால் சுங்கை மூடா. அந்த ஆற்றின் மேல் நிற்பது ஜம்பத்தான் மெர்டேக்கா, சுதந்திரப் பாலம். இந்த முனை பினாங்கு மாநிலம், அந்த முனை கெடா.

நான் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டர்வொர்த்துக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடையே பழைய சாலையில் ஓட்டிய காலத்தில் இந்தப் பாலம் எனக்கு ஒரு சத்தமாகத்தான் பழக்கம். சக்கரம் இணைப்புகளின் மேல் ஏறி இறங்கும்போது டக், டக் என்று கேட்கும். தூங்கிக்கொண்டிருக்கும் பாட்டிகள் அந்தச் சத்தத்தில் விழித்து, "தம்பி, கெடா வந்துருச்சா?" என்பார்கள். "வந்துட்டோம் பாட்டி" என்பேன். ஆற்றைப் பார்க்க டிரைவருக்கு ஏது நேரம்? எதிரே மணல் லாரி வரும், பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நுழையும். கண் சாலையில்தான் இருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகுதான் இந்தப் பாலத்தில் காலால் நடந்தேன். அதன் பிறகு ஆற்றைப் பற்றித் தேடிப் படிக்கவும் ஆரம்பித்தேன்.

பாலத்துக்குப் போகும் வழி

கெப்பாலா பத்தாஸ் பெரிய ஊர் இல்லை. நாட்டின் ஐந்தாவது பிரதமராக இருந்த துன் அப்துல்லா அகமது படாவி 1978 முதல் 2013 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அதனால்தான் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். ஊரைச் சுற்றி நெல் வயல், செம்பனை, புதிதாக எழும்பிய தாமான்கள். வடக்கே போகிற பழைய கூட்டரசுச் சாலையைப் பிடித்தால் காரில் பத்து நிமிட ஓட்டம்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறந்த பிறகு தூரப் பயணக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அதிலும் மூடா ஆற்றைக் கடக்க வேண்டும். ஆனால் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறவருக்கு ஆறு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பழைய சாலையில் இன்றைக்கும் உள்ளூர் மக்கள் ஓடுகிறார்கள்: தொழிற்சாலை வேன், நெல் லாரி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய மோட்டார் சைக்கிள்.

வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். இந்தக் கரையிலேயே, கம்போங் பக்கம் சாலையை விட்டு இறக்கி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஓரமாக நடக்க வேண்டும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டிகள் வேகமாகத்தான் வரும்.

பாலத்தில் நிற்கும்போது

பாதி தூரம் போனதும் நின்று முதலில் மேற்கே பாருங்கள். ஆறு கடலை நோக்கிப் போகிறது. அகலமான, அவசரமில்லாத ஆறு. மழைக்காலத்தில் பால் கூடிப்போன தே தாரே நிறத்தில் இருக்கும். இரண்டு கரையிலும் தென்னை, புதர், நடுவே கம்போங் வீட்டுத் தகரக் கூரை. கொக்கு ஒன்று எப்போதும் எங்காவது நிற்கும். பினாங்கில் பொழுது ஏழு மணிக்கு மேல்தான் சாய்கிறது. சூரியன் இறங்குவதும் ஆறு போகிற திக்கில்தான். ஆறரை மணிக்கு அங்கே நின்றால் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

பிறகு வடக்கே திரும்புங்கள். வானம் தெளிந்திருந்தால் கெடாவின் குனோங் ஜெராய் தெரியும். 1,217 மீட்டர் உயரம். சமதரையில் திடீரென்று எழுந்து நிற்கிற மலை என்பதால் கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த பழைய காலக் கப்பல்காரர்கள் இந்த மலையை வைத்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கல்வெட்டுகள் சொல்கிற கடாரம். 1025-ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்தது இந்தக் கரைக்குத்தான். அந்த மலையையும் இந்த ஆற்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

கால் அடியில் அந்த இணைப்புகளையும் கவனியுங்கள். என் பஸ் சக்கரத்துக்குத் தாளம் போட்டவை அவைதான். பாலத்தை ஒரே துண்டாகக் கட்ட முடியாது. காங்கிரீட் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். நூறு மீட்டர் நீளக் காங்கிரீட் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் பாலம் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். அதனால்தான் துண்டு துண்டாகக் கட்டி, நடுவே இடைவெளி விட்டு, மேலே இணைப்பு போடுகிறார்கள். எல்லாப் பெரிய பாலத்திலும் இது உண்டு. பஸ்ஸில் போகும்போது அந்தச் சத்தம் கேட்டால் பாலம் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

கரைக்கு இறங்கினால் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு மீனைவிட ஊடாங் காலா மேல்தான் கண். நீளக் கையுள்ள ஆற்று இறால் அது. ஒரு மலாய்ப் பெரியவரிடம், "பாக்சிக், இன்னைக்கு ஏதாவது கிடைச்சதா?" என்றேன். தண்ணீரைக் காட்டி, "நேற்று மேலே சிக் பக்கம் மழை. தண்ணி கலங்கி வருது பார். ரெண்டு நாள் போகணும்" என்றார். இங்கே வானத்தில் மேகமே இல்லை. மேட்டில் பெய்த மழையை அவர் தண்ணீரின் நிறத்தில் படிக்கிறார்.

பாலத்தில் நின்று ஆறு பார்ப்பது நம் மக்களுக்குப் புதிய பழக்கமில்லை. தமிழ்நாட்டுக்குப் போனபோது திருச்சியில் காவிரிப் பாலத்தைப் பார்த்தேன். 1976-இல் திறந்த பாலம் அது. சாயங்காலம் ஆனால் குடும்பம் குடும்பமாக வந்து காற்று வாங்குகிறார்கள்; சுண்டல்காரர் முதற்கொண்டு வந்துவிடுகிறார். திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் இருக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ஆம் ஆண்டினது. ஒரு தனி மனிதர் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. இன்றும் பஸ் ஓடுகிறது. எங்கள் பாலத்துக்கு அந்த வயதில்லை. ஆனால் அதன் கீழே ஓடுகிற ஆற்றுக்கு ஒரு விசித்திரமான கதை இருக்கிறது.

எல்லைக் கோடாகிய ஆறு

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கம்பெனிக் கொடியை ஏற்றியதைப் பள்ளியில் படித்திருப்போம். தீவு மட்டும் கையில் இருந்தால் போதாது, எதிர்க்கரையும் வேண்டும் என்று 1800-இல் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜார்ஜ் லீத் கெடா சுல்தானுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். வடக்கே மூடா ஆறு, தெற்கே கிரியான் ஆறு, நடுவே இருந்த கரையோர நிலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. இந்தியாவின் அப்போதைய கவர்னர் ஜெனரல் பெயரில் அதற்கு வெல்லஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தார்கள்; இன்றைய செபராங் பிறை அதுதான். தீவுக்கும் இந்த நிலத்துக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 10,000 வெள்ளி கெடாவுக்குக் கொடுப்பது என்று பேச்சு. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் கூட்டரசு அந்தப் பத்தாயிரத்தை ஆண்டுதோறும் கெடாவுக்குக் கொடுத்துவந்தது.

அன்றுதான் இந்த ஆறு முதல் முறையாக எல்லையானது. அதற்கு முன் இரண்டு கரையிலும் ஒரே சுல்தானின் குடிமக்கள்.

1821 நவம்பரில் சயாம் படை கெடாவுக்குள் நுழைந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் தப்பி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். அவர் பின்னால் ஆயிரக்கணக்கான கெடா மக்கள் இந்த ஆற்றைக் கடந்து தெற்கே வந்தார்கள். காடாகக் கிடந்த செபராங் பிறையில் வயலும் கம்போங்கும் பெருகியதற்கு அந்த அகதிகள் பெரிய காரணம். இன்றைக்குப் பெனாகா, பூம்போங் லீமா பக்கம் நெல் விளைகிறதே, அந்த மண்ணைத் திருத்தியவர்களில் பலர் உயிருக்குப் பயந்து ஆறு கடந்தவர்களின் வம்சம்.

அதன் பிறகு 1909 வரை மூடாவுக்குத் தெற்கே ஆங்கிலேயர் ஆட்சி, வடக்கே சயாமின் மேலாண்மையில் கெடா. இந்தக் கரையில் ஒரு போலீஸ், அந்தக் கரையில் வேறொரு போலீஸ். இங்கே மாடு திருடியவன் ஆற்றைக் கடந்துவிட்டால் பிடிப்பது கஷ்டம். அந்தக் காலத்துக் கெடா எல்லைக் கொள்ளையர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் சியா பூன் கெங் தனி நூலே எழுதியிருக்கிறார். 1909-இல் ஆங்கிலேயரும் சயாமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கெடா ஆங்கிலேயர் பாதுகாப்பின் கீழ் வந்தது.

நம்மவர்கள் கதையும் இந்த எல்லையோடு சேர்ந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெல்லஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. கப்பலில் வந்தவர்களை ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக வைத்திருந்து, பிறகு பெருநிலத்தில் உள்ள பிறைக்குக் கொண்டு சேர்த்து, கெடாவின் தோட்டங்களுக்கு வடக்கே அனுப்பினார்கள். 1915-இல் ரயில் பாதை அலோர் ஸ்டார் வரை போனது. 1918-இல் பாடாங் பெசாரைத் தொட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய எத்தனையோ குடும்பங்கள் மூடா ஆற்றைத் தாண்டித்தான் பீடோங், சுங்கைப்பட்டாணித் தோட்டங்களில் போய் லயத்து வீட்டில் அடுப்பு மூட்டின. என் அப்பா வழியில் பாதிப் பேர் அக்கரையில் பால் வெட்டினார்கள், பாதிப் பேர் இக்கரையில். கல்யாணம், கருமாதி என்றால் ஆறு கடந்துதான் ஆக வேண்டும்.

1941 டிசம்பர்

இந்த ஆறு போர்க்களக் கோடாகவும் ஆனது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் வடக்கே இறங்கினார்கள். ஜித்ராவில் ஆங்கிலேயப் படை தோற்றது. குருனிலும் நிற்க முடியவில்லை. டிசம்பர் 16-க்குள் 11-ஆவது இந்திய டிவிஷன் மூடா ஆற்றுக்குத் தெற்கே பின்வாங்கிவிட்டது. அதில் இருந்தவர்கள் பஞ்சாபியர், கூர்க்கர், ஜாட்டுகள், கூடவே ஆங்கிலேயச் சிப்பாய்கள். சாலை முழுக்கச் சேறு, தூக்கமில்லாத சிப்பாய்கள். ஆற்றை அரணாக வைத்துத் தடுத்துவிடலாம் என்று நினைத்தார்கள். சில நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்துக் கிரியான் ஆற்றுக்குப் பின்னால் போனார்கள். மூடாவை விட்டதோடு பினாங்கையும் விட்டார்கள். டிசம்பர் 11-ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் ஐரோப்பியரைக் கப்பலேற்றிவிட்டு, மற்ற மக்களைத் தீவிலேயே விட்டுப் போனார்கள்.

1943 அக்டோபரில் ஜப்பான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கையும் சயாமுக்குக் கொடுத்தது. 1945 வரை மூடா ஆறு மறுபடியும் இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லை. மக்கள் கண் விழித்துப் பார்க்கும்போதெல்லாம் ஆறு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் கொடிதான் மாறியது.

துங்குவின் ஆறு

அந்த 1941 டிசம்பரில் நடந்த இன்னொரு சம்பவம். கெடாவின் முதிய சுல்தானை ஆங்கிலேயர் பினாங்குக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அவருடைய மகன்களில் ஒருவர் அப்போது கூலிம் மாவட்ட அதிகாரி. சுல்தான் தம் மக்களோடுதான் இருக்க வேண்டும் என்று அவர் வழியிலேயே வண்டியைத் திருப்பி, அப்பாவைக் கூலிம் பக்கம் சிடிமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மகன்தான் துங்கு அப்துல் ரஹ்மான்.

1955 ஜூலையில் மலாயாவில் முதல் பொதுத் தேர்தல். 52 இடங்களில் 51-ஐ அலையன்ஸ் கூட்டணி வென்றது. துங்கு நின்று ஜெயித்த தொகுதியின் பெயர் சுங்கை மூடா. நாட்டைச் சுதந்திரத்துக்குக் கூட்டிச் சென்றவர் இந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய தொகுதியிலிருந்துதான் சட்டமன்றத்துக்குப் போனார். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

1957-இல் இந்தப் பாலத்தைத் திறந்துவைத்தவரும் அவரே. மெர்டேக்கா என்ற பெயரை அந்த ஆண்டில் எதற்கெல்லாமோ வைத்தார்கள்: கோலாலம்பூரில் விளையாட்டரங்கம், ஊருக்கு ஊர் திடல். ஓராண்டு முன்பு சிங்கப்பூரிலும் காலாங் பக்கம் ஒரு மெர்டேக்கா பாலம் திறந்திருந்தார்கள். என் கணக்கில் அந்தப் பெயருக்கு மிகவும் பொருத்தமான இடம் இதுதான். பினாங்கு ஆங்கிலேயரின் நேரடிக் குடியேற்றமாக இருந்த இடம். கெடா சுல்தான் ஆண்ட மலாய் மாநிலம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வேறு வேறு ஆட்சியில் இருந்த இரண்டு கரைகள் ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள் ஆன ஆண்டில், நடுவே இருந்த எல்லையின் மேல் சாலை போட்டுத் திறந்தார்கள்.

எண்பது குடம்

இனி வருவதுதான் இந்த ஆற்றைப் பற்றி நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிற விஷயம். பினாங்கு மாநிலம் எடுக்கிற தண்ணீரில் நூறு குடத்துக்கு ஏறக்குறைய எண்பது குடம் மூடா ஆற்றுத் தண்ணீர். லாஹார் தியாங் என்ற இடத்தில் ஆற்றிலிருந்து இறைத்து, சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரித்து, பெருநிலத்துக்கும் கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கும் அனுப்புகிறார்கள். ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் கடையில் வைக்கிற தண்ணீர், கொம்தார் கட்டடத்தில் திறக்கிற குழாய், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றுக்கும் மூலம் பெரும்பாலும் இந்த ஆறுதான்.

ஆறு பிறப்பது தாய்லாந்து எல்லையோரம் உலு மூடா காட்டில். ஏறக்குறைய 1,60,000 ஹெக்டேர் காடு. அங்கே மூடா அணை கட்டித் தண்ணீரில் ஒரு பங்கை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குத் திருப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் கெடாச் சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைய வைக்கிறது. 1970-களில் வந்த அந்த மாற்றம்தான் கெடாவை நாட்டின் நெற்களஞ்சியமாக நிலைநிறுத்தியது. மிச்ச ஆறு சிக் வழியாக இறங்கி, கெத்தில், சிடிம் ஆறுகளைச் சேர்த்துக்கொண்டு நம் பாலத்துக்கு வருகிறது. வறட்சியில் ஆறு இளைத்துவிடாமல் பெரிஸ் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். கீழே கடல் உப்பு மேலேறாமல் இருக்கத் தடுப்பணை இருக்கிறது. இவ்வளவு ஏற்பாடும் இருந்தால்தான் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும்.

ஒரே ஆற்றை இருவர் குடித்தால் பேச்சு வராமல் போகுமா? காடு எங்களுடையது, தண்ணீருக்குக் காசு கொடுங்கள் என்று கெடா பல ஆண்டுகளாகக் கேட்கிறது. ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது, எங்கள் கரையிலிருந்து எடுக்கிறோம் என்று பினாங்கு சொல்கிறது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஒன்று தெரியும். உலு மூடாவில் மரம் போனால் இரண்டு மாநிலத்துக்கும்தான் தண்ணீர் போகும். காட்டைக் காப்பாற்றுகிற செலவை மேட்டில் இருப்பவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. குடிக்கிறவரும் தோள் கொடுக்க வேண்டும்.

ஆறு கொடுப்பதோடு நிற்பதுமில்லை. 2003 அக்டோபரில் மூடா பொங்கியது. கெடாவிலும் செபராங் பிறையிலும் ஆற்றோரக் கம்போங்குகள் மூழ்கின. அதன் பிறகுதான் கரையை உயர்த்தி, ஆற்றை அகலப்படுத்தும் பெரிய வெள்ளத் தடுப்பு வேலை தொடங்கியது. மணல் அள்ளுவது இன்னொரு தலைவலி. அளவு மீறி அள்ளினால் ஆற்றின் அடிமட்டம் தாழும், கரை சரியும், பாலத்தின் தூண்களைப் பிடித்திருக்கும் மண்ணும் அரித்துப்போகும். பாலத்தைப் பாதுகாக்க மேலே தார் போட்டால் போதாது. கீழே ஆற்றுப் படுகையையும் கவனிக்க வேண்டும்.

கடல் வரை ஒரு சுற்று

பாலம் பார்க்க வந்தவர்கள் அரை நாள் ஒதுக்கினால் ஆற்றோடு கீழே இறங்கிக் கடல் வரை போய் வரலாம்.

பெனாகா பக்கம் குவார் கெப்பா. பழங்கால மனிதர்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பிகள் மேடாகக் குவிந்திருந்த இடம். சுண்ணாம்புக்காக அவற்றை வாரிக்கொண்டு போனதில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தோண்டி எடுத்த எலும்புக்கூடுகள் பல ஹாலந்துக்குப் போயின. இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தபோது, 2017-இல் அங்கே கட்டுமான வேலை நடக்கையில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூடா ஆற்றோரம் மனிதர் வாழத் தொடங்கிய காலம் எவ்வளவு பழையது என்பதற்கு அவள் சாட்சி.

இதே வட்டாரத்தில் 1834-இல் கேப்டன் ஜேம்ஸ் லோ ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தர் என்ற கப்பல் தலைவர் தம் பயணம் நல்லபடி முடிய வேண்டிப் பொறித்தது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் அறிஞர்கள். கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வங்கக் கடல் தாண்டி வந்தவர்கள் இந்த ஆற்று முகத்தில் சோழருக்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருக்கிறார்கள்.

கழிமுகத்தில், பினாங்குக் கரையில் குவாலா மூடா. அங்கே பாசார் பீசிக் பார்க்காமல் திரும்பாதீர்கள். படகு வந்ததும் மீன் கூடையைச் சுற்றி வியாபாரிகள் கூடுவார்கள். ஏலம் உண்டு, கூச்சல் கிடையாது. ஒவ்வொருவராக விற்பவரின் காதோரம் குனிந்து தம் விலையைக் கிசுகிசுப்பார்கள். யார் எவ்வளவு சொன்னார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. கடைசியில் அதிக விலை சொன்னவருக்குக் கூடை போகும். எங்கள் ஊர்ப் பெண்கள் மீன் கடையில் போடுகிற சத்தத்துக்கு இது நேர் எதிர்.

அக்கரையில் கெடாவின் கோத்தா குவாலா மூடா. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை மலேசியாவில் 68 உயிரைக் கொண்டுபோனது. வீடும் படகுமாக மிகவும் அடிவாங்கிய ஊர்களில் இது ஒன்று. உடைந்த படகுகளை வைத்து அங்கே நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டிய இடம்.

வருகிறவர்களுக்கு

காலையில் வந்தால் எட்டு மணிக்குள், மாலையில் வந்தால் ஐந்தரைக்கு மேல். நடுப்பகலில் பாலத்தில் நிற்க முடியாது, தலை வெந்துவிடும். குடை, தண்ணீர், வழுக்காத செருப்பு போதும். மழைக்காலத்தில் கரைக்கு இறங்காதீர்கள். ஈரக் களிமண் ஆளை இழுத்துவிடும். கார் இல்லாதவர்கள் பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகிற கே.டி.எம். கொமுட்டர் ஏறினால் தாசேக் குளுகோர் தாண்டிச் சுங்கைப்பட்டாணி போவதற்குள் ரயிலும் இதே ஆற்றைக் கடக்கும். ஜன்னலோரம் உட்காருங்கள். பாலத்தில் நிற்கும் சுகம் அதில் இல்லை. ஆனால் ஆற்றைப் பார்த்துவிடலாம்.

இரண்டு மாநில அரசுகளுக்கும் ஒரு வேண்டுகோள். கரையோரம் குடும்பத்தோடு உட்கார நல்ல இடம் கட்டி, இந்த ஆற்றின் கதையை மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதிவைத்தால் வருகிறவர்கள் ஆற்றைப் புரிந்துகொண்டு பார்ப்பார்கள். நிறையச் செலவாகாது.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றுலா என்றால் பிள்ளைகளைத் தீவுக்கும் பேரங்காடிக்கும் கூட்டிப் போகிறோம். ஒரு தடவை இந்தப் பாலத்துக்குக் கூட்டி வாருங்கள். எல்லை, அகதி, போர், சுதந்திரம், தண்ணீர் ஐந்தையும் ஒரே இடத்தில் பாடம் நடத்தலாம். பினாங்கில் பிறந்து வளர்ந்து, தினமும் மூடாத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டுப் போகக் கூடாது.